பட்டா இல்லாதவர்களையும் கணக்கில் எடுங்கள்

குடிநீர் நீர்த்தேக்கத்துக்காக நிலம் எடுக்கும் அதிகாரிகளுக்கு,

செங்குன்றத்துக்கு வடக்கே ஓர் ஏரியைப் பெரிதாக்கி நீர்த்தேக்கமாக்கப் போவதாகச் சொல்லி அளவைக் கல் நட்டிருக்கிறீர்கள். அதற்காகப் போன மாதம் நீங்கள் கூட்டிய கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஒலிபெருக்கியைக் கையில் வாங்கிய அதிகாரி முதலில் சொன்னது இதுதான்: "பட்டா, சிட்டா வெச்சிருக்கிறவங்க மட்டும் இருங்க. மத்தவங்க கிளம்பலாம், உங்களுக்கு இதுல ஒண்ணும் இல்லை." பந்தலில் பாதிப் பேருக்கு மேல் எழுந்து போய்விட்டார்கள். போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்த ஊர் நிலத்தில் நாற்று பிடுங்கி நடுகிறவர்கள்.

"உங்களுக்கு இதில் ஒன்றும் இல்லை" என்ற அந்த வார்த்தையை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அது உண்மையும் இல்லை, சட்டமும் இல்லை.

நான் செங்குன்றத்தில் ஒரு நெல் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வீடு மூலக்கடையில். என் அம்மா பிறந்த ஊர், இதே மாதிரி முன்பு ஒரு நீர்த்தேக்கத்துக்காக நிலம் எடுக்கப்பட்ட ஊர். அதன் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே சிலருடைய இழப்பீட்டு வழக்கு இன்னும் முடியவில்லை, என் கடிதத்தால் அவர்களுக்கு ஒரு தொல்லை வரக்கூடாது. இப்போது கல் நட்டிருக்கும் ஊர்களோ எங்கள் மண்டிக்கு நெல் போடுகிற ஊர்கள். ஓர் ஊரில் என்ன நடந்தது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர் சொல்கிறார் என்று இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வடசென்னையில் இருந்துகொண்டு யாரும் அப்படிச் சொல்ல முடியாது. 2019 கோடையில் புழல் ஏரி தரை வெடித்துக் கிடந்தபோது எங்கள் தெருவில் லாரித் தண்ணீருக்காக ராத்திரியெல்லாம் குடங்கள் வரிசையில் நின்றன. செங்குன்றம் ஏரி என்றும் சொல்கிற அந்தப் புழல் ஏரித் தண்ணீரைத்தான் 1872 முதல் இந்த நகரம் குடிக்கிறது. அப்புறம் 1944-ல் பூண்டி நீர்த்தேக்கம், 1996-ல் கிருஷ்ணா நீர், 2010-ல் மீஞ்சூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, 2020-ல் கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம். ஒவ்வொன்றும் நம்மைக் கொஞ்சம் காப்பாற்றியது. அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களில் நானும் ஒருவர் என்பதால்தான், அதற்காக யார் வாயிலிருந்து சோறு போனது என்று கேட்கவும் எனக்குக் கடமை இருக்கிறது.

எங்கள் மண்டியில் ஊருக்கு ஒரு பேரேடு உண்டு. அம்மா ஊர்ப் பேரேட்டை இன்னும் வைத்திருக்கிறோம். நீல அட்டை, ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. ஒரு பக்கத்தைத் திருப்பினால் ஒருவருடைய ஒரு போகம் முழுவதும் அதில் இருக்கும். நடவுக்கு முன்னால் வாங்கிய முன்பணம், உரத்துக்கு வாங்கியது, நடுவில் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு வாங்கியது, அறுப்பு முடிந்து வந்த மூட்டை, ஈரத்துக்கும் பதருக்கும் கழித்தது, வண்டி வாடகை, இறக்குக்கூலி, கடைசியில் கைக்குக் கொடுத்தது. அந்தப் பேரேட்டில் உள்ள பெயர்களையும் இழப்பீட்டு அறிவிக்கையில் அச்சாகியிருந்த பெயர்களையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். சில பெயர்கள்தான் ஒத்துப்போயின. அறிவிக்கையில் இருந்தவர்கள் பலர் ஊரைவிட்டுப் போய் அண்ணா நகரிலும் அம்பத்தூரிலும் இருக்கிறவர்கள், அல்லது தாத்தா பெயரிலேயே பட்டாவை வைத்திருந்தவர்கள். பேரேட்டில் இருந்தவர்கள் அந்த மண்ணில் நின்று விளைவித்தவர்கள். அவர்களில் குத்தகைக்காரர் உண்டு, விளைச்சலில் பங்கு கொடுத்து வாரத்துக்குப் பயிரிட்டவர் உண்டு, இரண்டும் இல்லாமல் அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்ட தம்பியும் உண்டு.

நீங்கள் ஒரு ஏக்கரை அளக்கும்போது கல்லையும் கயிற்றையும் வைத்து அளக்கிறீர்கள். அந்த ஒரு ஏக்கர் எத்தனை வீட்டு அடுப்பை எரியவைக்கிறது என்பதற்கு உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை. நான் சொல்கிறேன். நம் மாவட்டத்தில் ஏரித் தண்ணீர் இருக்கும் இடத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகமும் நடக்கும். ஒவ்வொரு போகத்துக்கும் நாற்றங்கால், நடவு, களை, மருந்து. அறுப்பை இப்போது இயந்திரம் செய்துவிடுகிறது என்பது உண்மைதான், அதனால் ஆண்களுக்கு வேலை குறைந்துவிட்டது. ஆனால் நடவும் களையும் இன்றைக்கும் பெண்கள் கூலிதான். டிராக்டர் வைத்திருப்பவர் ஒருவர், அதை ஓட்டுகிறவர் ஒருவர். உரக்கடைக்காரர் கடன் எழுதிக் கொடுக்கிறார். அறுத்த வயலில் வாத்து மேய்க்கிறவர்கள் வருகிறார்கள். வைக்கோல் கட்டுக் கட்டாக லாரியில் ஏறி வியாசர்பாடிக்கும் கொருக்குப்பேட்டைக்கும் வந்து, இங்கே சந்துக்குள் மாடு வைத்துப் பால் கறந்து விற்பவர்களின் தொழுவத்தில் இறங்குகிறது. நெல் செங்குன்றம் ஆலைக்கு வருகிறது. தவிடு மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. உமி எரிக்கப் போகிறது. எங்கள் மண்டியில் மூட்டை தூக்குகிறவரின் கூலியும் என் சம்பளமும் அந்த ஏக்கரில் இருந்துதான் வருகிறது. இவ்வளவு பேரில் நீங்கள் பணம் கொடுப்பது ஒருவருக்கு.

அம்மா ஊரில் என் மாமா குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். மாமா தன் பெயரில் கையளவு நிலம் இல்லாதவர். ஏரிக்குக் கீழே மூன்று பேருடைய நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து வாழ்நாள் முழுக்க அதையே உழுதவர். குத்தகை என்றால் வாய்ப்பேச்சு, போகத்துக்கு இத்தனை மூட்டை என்று. அத்தை இரண்டு கறவை மாடு வைத்திருந்தார். மாமாவின் வைக்கோல், ஏரி உள்வாயில் கிடைக்கும் புல், இரண்டும் மாட்டுக்குப் போகும். காலையும் மாலையும் பாலை சொசைட்டியில் ஊற்றுவார். நெல்லில் நஷ்டம் வந்த வருடத்திலும் வீடு ஓடியது அந்தப் பால் பணத்தில்தான்.

நிலம் எடுத்தார்கள். நிலத்துக்காரர்கள் மூவருக்கும் பணம் வந்தது. அது அவர்களுடைய பணம், அதில் எனக்குக் குறை இல்லை. அவர்களில் ஒருவர் தானாகவே மாமா கையில் கொஞ்சம் கொடுத்தார். அரசாங்கம் மாமாவின் பெயரை ஒரு தாளில்கூட எழுதிக்கொள்ளவில்லை. வைக்கோல் போனதும் அத்தை வைக்கோலை விலைக்கு வாங்கிப் பார்த்தார், கட்டுப்படியாகவில்லை. மேய்ச்சலுக்கு இருந்த உள்வாயைச் சுற்றிக் கரை எழும்பிவிட்டது. ஒரு மாட்டை முதலில் விற்றார், மற்றதைப் பொங்கலுக்கு முன்னால் விற்றார். அப்படியே ஒவ்வொரு வீட்டிலும் மாடு குறைய, பால் அளவு இறங்கி, கடைசியில் அந்த ஊர் சொசைட்டியே மூடிப்போனது. நிலம் போகாத வீட்டுக்காரர்களும் இப்போது பாலை ஊற்ற அடுத்த ஊருக்குப் போகிறார்கள். மாமா எங்கள் மண்டிக்கே மூட்டை தூக்க வந்தார். ஐம்பத்தைந்து வயதில். தான் விளைவித்த நெல்லைக் கொண்டுவந்து எடை பார்த்து, விலைக்காக எங்கள் முதலாளியோடு சரிக்குச் சரி வாதாடிய இடத்தில், அடுத்தவர் நெல்லைத் தோளில் சுமந்தார். முதல் நாள் அவர் முதுகில் சாக்கைப் போட்டுக் குனிந்து நின்றபோது கணக்கு மேசையில் இருந்து நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை. முட்டி போய்விட்டதால் இப்போது அதையும் விட்டுவிட்டார். மணலி பக்கம் கன்டெய்னர் யார்டில் இரவுக் காவல்.

பணம் கிடைத்தவர்களாவது நன்றாக இருக்கிறார்களா என்றால், சிலர் இருக்கிறார்கள். பலர் இல்லை. விலையை நிர்ணயிக்க முந்தைய மூன்று வருடக் கிரயப் பத்திரங்களைப் பார்க்கிறீர்கள். முத்திரைத் தாள் செலவுக்குப் பயந்து எல்லோரும் வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் எழுதுகிற ஊரில், பத்திரத்தில் இருப்பது உண்மையான விலை ஆகாது. அதன் மேல் சட்டப்படி நூறு சதவீத ஆறுதல் தொகை சேர்த்தாலும், பக்கத்து ஊரில் அதே அளவு நஞ்சை வாங்கப் போதவில்லை. காரணம், பணம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பிய அன்றைக்கே பக்கத்து ஊரில் விலை ஏறிவிட்டது. நிலமாக இருந்தது நிலமாகத் திரும்பவில்லை. தங்கை கல்யாணம், பழைய கடன், ஒரு மாடி, தவணையில் ஒரு குட்டியானை வண்டி என்று போனது. அண்ணன் தம்பி வழக்கில் கொஞ்சம் போனது. பணம் பட்டுவாடா நடந்த சமயத்தில் வண்டிக் கடைக்காரர்களும் சீட்டுக் கம்பெனி ஆட்களும் ஊருக்குள் வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். பணத்தை என்ன செய்யலாம், எங்கே மாற்று நிலம் இருக்கிறது என்று சொல்ல உங்கள் தரப்பில் இருந்து ஒருவரும் வரவில்லை.

இன்னொன்று, இதுதான் எந்தக் கணக்கிலும் வராமல் போனது. அம்மா ஊரில் ஏரிக்குக் கீழே எடுக்காமல் விட்ட நிலமும் இருக்கிறது. ஆயக்கட்டு என்கிற அந்தப் பாசன நிலம் அதே ஏரியின் மதகுத் தண்ணீரில் விளைந்தது. ஏரி குடிநீர்த் தேக்கமாக மாறியதும் அந்தத் தண்ணீரில் நகரத்துக்குத்தான் முதல் உரிமை. நிலம் உரியவரிடமே இருக்கிறது, பட்டா இருக்கிறது, எடுக்கவில்லை என்பதால் இழப்பீடு கிடையாது. தண்ணீர்தான் இல்லை. மூன்று போகம் விளைந்த இடத்தில் கிணறு உள்ளவர் ஒரு போகம் எடுக்கிறார், இல்லாதவர் மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கரையை ஒட்டி இருக்கும் கிணறுகளில் ஊற்று கூடியிருக்கிறது, அவர்களுக்கு லாபம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அப்படி லாபம் அடைந்தவர்கள் கிணறும் மோட்டாரும் ஏற்கெனவே இருந்தவர்கள். எங்கள் பேரேட்டில் அந்த ஊரில் இருந்து வரும் மூட்டை குறைந்ததற்கு மூழ்கிய நிலம் ஒரு பாதிக் காரணம் என்றால், மூழ்காமல் காய்ந்த நிலம் மறுபாதிக் காரணம்.

இனி சட்டம். 2013-ம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டம் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பாதிக்கப்படும் குடும்பம் யார் என்று அதன் 3-ம் பிரிவு சொல்கிறது. நிலமே இல்லாவிட்டாலும், எடுப்புக்கு முன் மூன்று வருடம் அந்த இடத்தில் விவசாயக் கூலியாகவோ, எந்த வகைக் குத்தகைதாரராகவோ, வாரத்துக்குப் பயிரிடுபவராகவோ, கைவினைஞராகவோ இருந்து, பிழைப்பு முதன்மையாக அதை நம்பி இருந்தால் அவர்களும் பாதிக்கப்பட்ட குடும்பமே. நீர்நிலையை நம்பி மீன் பிடிப்பவர்களும் அதில் வருகிறார்கள். 16-ம் பிரிவின்படி எடுக்க வேண்டிய குடும்பக் கணக்கெடுப்பில் நிலமற்றவர்கள் இழக்கும் பிழைப்பையும் எழுத வேண்டும். இரண்டாம் அட்டவணை, பாதிக்கப்படும் குடும்பத்துக்கு ஒரு வேலை, அல்லது ஒரே தடவையாக 5 லட்சம் ரூபாய், அல்லது 20 வருடத்துக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகை என்று வழி வைத்திருக்கிறது. பல போகம் விளையும் பாசன நிலத்தை வேறு வழியே இல்லாதபோதுதான் எடுக்கலாம் என்று 10-ம் பிரிவு சொல்கிறது. அப்படியானால் அந்தப் பந்தலில் இருந்து எழுப்பி அனுப்பப்பட்ட பெண்களுக்கு "இதில் ஒன்றும் இல்லை" என்று எந்தப் பிரிவின் கீழ் சொன்னீர்கள்?

கூட்டம் முடிந்தபின் உங்களில் ஒருவரிடம் இதைக் கேட்டேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "குத்தகைக்கு ஆதாரம் எங்கேங்க? வாயால சொன்னா நாங்க எப்படி எழுதறது?" என்றார். நியாயமான கேள்வி. குத்தகைதாரரைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969-லேயே ஒரு சட்டம் வந்துவிட்டது. ஆனால் பதிவு செய்யப் போனால் நிலத்துக்காரர் அடுத்த போகத்துக்கு நிலத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பதிவேட்டில் பெயர் இல்லாததை வைத்து ஆளே இல்லை என்று முடிவு செய்வது, அந்தப் பயத்துக்கு அரசாங்கமே துணை போவது. ஆதாரம் வேறு இடங்களில் இருக்கிறது. யார் பெயரில் முன்பணம், யார் பெயரில் மூட்டை என்று மண்டிப் பேரேட்டில் இருக்கிறது. பால் சொசைட்டி அட்டையில் இருக்கிறது. உரக்கடைக் கடன் நோட்டில், டிராக்டர்காரரின் கணக்கில், நூறு நாள் வேலை அட்டையில் இருக்கிறது. நடவுக்குப் பெண்களைச் சேர்த்து அழைத்துப் போகிறவரிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருக்கும், அதில் தேதி வாரியாகப் பெயரும் கூலியும் இருக்கும். பார்க்க நினைத்தால் பார்க்கலாம்.

ஒரு சின்னக் கணக்கையும் பாருங்கள். கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகையின் கொள்ளளவு அரை டிஎம்சி, அதாவது சுமார் 1,415 கோடி லிட்டர். சென்னைக்கு நாளுக்கு ஏறக்குறைய 100 கோடி லிட்டர் என்று வைத்தால், ஒரு முறை நிரம்பினால் இரண்டு வாரத் தண்ணீர். எங்கள் கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து மணலி, எண்ணூர்ப் பக்கத்து ஆலைகளுக்குக் கொடுக்கும் நிலையத்தின் திறன் நாளுக்கு 4.5 கோடி லிட்டர். முழுத் திறனில் ஓடினால் வருடத்துக்கு 1,640 கோடி லிட்டருக்கு மேல். அதற்கு ஒருவருடைய நஞ்சையும் போகவில்லை. அணையே கட்டாதீர்கள் என்று இதை வைத்து வாதிடவில்லை, மழை வெள்ளத்தைத் தேக்க இடம் வேண்டும் என்பது எனக்கும் புரிகிறது. வேறு வழிகளை எடை போட்டுப் பார்த்த பிறகுதான் இந்த ஏரிக்கு வந்தீர்களா என்பதை அந்த ஊர் மக்களுக்குக் காட்டுங்கள் என்கிறேன்.

நான் கேட்பது இவை.

இந்தத் திட்டம் யார் யாரை எப்படிப் பாதிக்கும் என்று பார்க்கும் சமூகத் தாக்க மதிப்பீட்டை முடித்து, தமிழில் வெளியிட்டு, அதன் மேல் கருத்துக் கேட்காமல் 11-ம் பிரிவின் முதல்நிலை அறிவிக்கையைக் கொண்டுவராதீர்கள். அந்தக் கருத்துக்கேட்பை ஊரிலேயே, நடவும் களையும் இல்லாத நாளில், வேலைக்குப் போய் வந்தவர்களும் வரக்கூடிய மாலை நேரத்தில் நடத்துங்கள். பட்டா இருப்பவர், இல்லாதவர் என்று பிரிக்காமல் எல்லோரும் பேசட்டும். போன மாதம் எழுப்பி அனுப்பியவர்களை உங்கள் பெயரில் ஓர் அறிவிப்புக் கொடுத்துத் திரும்ப அழையுங்கள். அவர்களாக வரமாட்டார்கள்.

குடும்பக் கணக்கெடுப்பில் குத்தகைக்காரர், வாரக்காரர், கூலிப் பெண்கள், மாடு வளர்ப்பவர், ஏரியில் மீன் பிடிப்பவர் எல்லோருக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். கூலி என்று ஆண் பெயரை மட்டும் எழுதிவிட்டு அந்த வீட்டுப் பெண்ணின் கூலியை விட்டுவிடாதீர்கள். மேலே நான் சொன்ன நோட்டுகளையும் அட்டைகளையும் ஆதாரமாக ஏற்றுக்கொள்வதாக எழுத்தில் சொல்லுங்கள். கணக்கெடுத்த பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டி, விடுபட்டவர்கள் பெயர் சேர்க்க அவகாசம் கொடுங்கள்.

மூழ்காத ஆயக்கட்டுக்கு எந்த மதகில் எந்த மாதத்தில் எவ்வளவு தண்ணீர் என்று திட்ட அறிக்கையிலேயே எழுதுங்கள். கொடுக்க முடியாது என்றால் அந்த நிலத்தையும் பாதிக்கப்பட்ட நிலமாக எடுத்து இழப்பீடு கொடுங்கள். தேக்கத்தில் மீன் பிடிக்கும் உரிமையை வெளியாளுக்கு ஏலம் விடாமல், பாதிக்கப்பட்ட குடும்பங்களின் சங்கத்துக்குக் கொடுங்கள். பால் சொசைட்டி மூடிப்போகாமல் இருக்க, நிலம் போன பிறகு தீவனத்துக்கும் மேய்ச்சலுக்கும் என்ன ஏற்பாடு என்பதையும் அதே அறிக்கையில் சேருங்கள்.

கடைசியாக ஒன்று. கல் நட்டிருக்கும் ஊர்களின் மூன்று வருடப் பேரேட்டைப் பற்றி எங்கள் முதலாளியிடம் பேசிவிட்டேன். நீங்கள் எழுத்தில் கேட்டால் நகல் தரச் சம்மதித்திருக்கிறார், பெயர் உள்ளவர்களிடம் ஒப்புதல் வாங்கித் தருவதை நான் பார்த்துக்கொள்கிறேன். பக்கத்து மண்டிக்காரர்களிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருவரை அனுப்புங்கள், அல்லது ஒரு கடிதம் போடுங்கள். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் வேண்டும்.

இப்படிக்கு,
செங்குன்றம் மண்டியில் கணக்கு எழுதும் ஒருவர்
மூலக்கடை, வடசென்னை